புதுப்பிப்பு: லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 22.04-இல் ஜப்பானிய மொழித் தட்டச்சு வேலை செய்கிறது

உள்ளீட்டு மொழியில் ஜப்பானியத்தைச் சேர்த்த பிறகும் ஆங்கில எழுத்துகளே விழுகின்றன என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "ஐபஸ்-மொஸ்க்கை நிறுவுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. ஐபஸ்-மொஸ்க் (ibus-mozc) என்பது ஜப்பானிய மொழித் தட்டச்சுக்கான மென்பொருள்.

நான் சேர்த்திருந்த வெறும் "ஜப்பானியம்" என்பது விசைப்பலகை அமைப்பு மட்டுமே; அடிக்கும் ஆங்கில எழுத்துகளை ஹிரகானாவாக (ஜப்பானிய ஒலி எழுத்துகள்), காஞ்சியாக (சீன வழி வந்த எழுத்துகள்) மாற்றும் வேலையை அது செய்யாது. ஐபஸ்-மொஸ்க் பொதியை நிறுவி, லாக் அவுட் செய்து திரும்ப வந்ததும், அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் "ஜப்பானியம் (மொஸ்க்)" கிடைத்தது. மொழியை மாற்றிக்கொள்ள சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஸ்பேஸும்.

அப்போதும் ஆங்கிலமே வந்தது! மொஸ்க் நேரடி உள்ளீட்டு நிலையில், அதாவது அடிக்கும் ஆங்கில எழுத்தே விழும் நிலையில், தொடங்குகிறது. மேல்பட்டையில் உள்ள அதன் மெனுவில் உள்ளீட்டு முறையை ஹிரகானாவுக்கு மாற்ற வேண்டும். இதை யாரும் சொல்லவில்லை, இதில்தான் ஒரு மாலை முழுக்கப் போனது.

இன்னொன்று. "கொன்னிச்சிவா" (ஜப்பானிய வணக்கம்) அடிக்க "என்" (n) விசையை மூன்று முறை தட்ட வேண்டும். இரண்டு தட்டினால் "ன்" என்ற ஒற்றோடு அது முடிந்துவிடும், அடுத்து "நி"க்குப் பதில் "இ" வரும். கடைசி "வா"வுக்கு "ஹா" (ha) என்றே அடிக்க வேண்டும், ஜப்பானியத்தில் அங்கே எழுதும் எழுத்து அதுதான். பிறகு ஸ்பேஸ் தட்டினால் காஞ்சி வடிவங்கள் வரும், என்டர் தட்டினால் உறுதியாகும்.