குருப்பெயர்ச்சிக்கு அப்புறம் தங்கம் இறங்குமா? மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்க வேண்டும்

லோரிக்காரன்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். தாலிக்கொடி, ஒரு ஜோடி வளையல், முடிந்தால் ஓர் ஆரம். யூடியூபில் ஒரு சோதிடர், தங்கத்துக்கு அதிபதி குரு, பெயர்ச்சி முடிந்ததும் விலை சரியும், அதுவரை கடைப்பக்கமே போகாதீர்கள் என்கிறார். அக்காள் மகன் வேறு எட்டு வருஷச் சுழற்சி என்று ஒரு கிராப்பைக் காட்டுகிறான். வீட்டுக்காரி நாளைக்கே போவோம் என்கிறாள். காத்திருக்கலாமா?

கிராப் பித்தன்:
அந்தத் தம்பி சொல்வது சும்மா இல்லை அண்ணே. 1976, 1985, 1993, 2001, 2008, 2015 என்று தங்கம் அடி தட்டிய வருஷங்களைப் பாருங்கள், ஏழிலிருந்து ஒன்பது வருஷ இடைவெளிதான். சோதிடம் எனக்குத் தெரியாது.

பழைய கணக்கர்:
தம்பி, ஏழும் சரி, ஒன்பதும் சரி என்றால் உங்கள் சுழற்சி எதிலும் தோற்காது! அப்புறம், 2008இல் அடி அவுன்ஸ் 700 டாலர் பக்கம், 2015இல் 1,050 பக்கம். அடுத்த அடிக்குக் காத்திருந்தவன் கூடுதல் விலைக்குத்தான் வாங்கினான்.

குருவையும் பார்ப்போம். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டபோது குரு சிம்மத்தில். 1992 ஜனவரியிலும் சிம்மம்தான், விலையோ 350 பக்கம். 2004 ஜனவரியிலும் சிம்மம், 400 சொச்சம். 1980இல் ராகுவும் கூட இருந்தார் என்பார்கள், விலை ஏறி இறங்கிய பிறகு தேடினால் ஏதாவது ஒரு கிரகம் கிடைக்கத்தான் செய்யும்.

இன்னொன்று, நாம் வாங்குவது டாலரில் இல்லை, வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில். 1997இல் உலகச் சந்தையில் தங்கம் 370இலிருந்து 290க்கு விழுந்தது, ஆனால் நம் ரிங்கிட் சரிந்து, ஒரு டாலர் இரண்டரை வெள்ளியிலிருந்து நாலு வெள்ளிக்கிட்ட போனதால் இங்கே விலை ஏறியது. அந்த வருஷம்தான் என் தங்கைக்குக் கல்யாணம், இறங்கும் இறங்கும் என்று அப்பா காத்திருந்து கடைசியில் அம்மாவின் சங்கிலியை அடகுக்கடையில் வைத்தார்.

லூனாஸ் அக்கா:
லோரிக்கார அண்ணே, தாலிக்கொடியை இப்போதே எடுத்துவிடுங்கள், அது எப்படியும் வேண்டும். வளையலை அடுத்த மாதம் பார்க்கலாம். ஆரத்தில் வேலைப்பாடு கூடினால் செய்கூலி உங்களைக் கொன்றுவிடும், கிராம் விலை இறங்கி மிச்சமாவதைவிட அதிகம் அதிலேயே போகும். நாலு கடை ஏறி இறங்கி செய்கூலியைப் பேசுங்கள், அதுதான் உங்கள் கையில் இருக்கிறது. பழைய 916 (22 காரட்) நகை இருந்தால் மாற்றும்போது எவ்வளவு கழிக்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

லோரிக்காரன்:
நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஈப்போ போகிறோம், கொடி மட்டும். அந்த வீடியோவைக் கடைசிவரை இன்றுதான் பார்த்தேன், தங்க டிரேடிங் வகுப்புக்கு 300 வெள்ளி கட்டச் சொல்கிறார்.