ஆணித் துப்பாக்கியா, ஆணியடிப்பானா?

அன்புடையீர், வணக்கம்.

மரக்கட்டைகளால் சட்டகம் நிறுத்தி வீடு கட்டுவோர் ஆணி இறக்கப் பயன்படுத்தும் கருவிக்கு (ஆங்கிலத்தில் ‘நெயில் கன்’) நம் சொல்லாக்கக் குழுவில் ‘கம்பியில்லா ஆணித் துப்பாக்கி’ என்ற பெயர் முன்மொழியப்பட்டுள்ளது. அதன் இரண்டு பகுதிகளும் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

முதலில் ‘கம்பியில்லா’ என்பதை எடுத்துக்கொள்கிறேன். பழைய வகைக் கருவி அழுத்தக் காற்றில் இயங்குவது. கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர் குழாய்தான் ஏணியிலும் கூரையிலும் தச்சரின் காலைச் சுற்றியதே தவிர, மின்கம்பி அன்று. 1986இல் பாஸ்லோட் நிறுவனம் அக்குழாயை நீக்கி, சிறு குப்பியில் அடைத்த எரிவளி பற்றி வெடிக்கும் விசையால் ஆணியை இறக்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது; அதிலும் தீப்பொறிக்கும் விசிறிக்கும் ஒரு சிறு மின்கலம் உண்டு. முழுக்க மின்கலத்தில் இயங்குபவை பின்னர் வந்தன. அவற்றுள் சில, சுழலும் கனத்த சக்கரத்தின் வேகத்தை ஆணிக்குக் கடத்துகின்றன. வேறு சில, மூடிய உருளையிலுள்ள வளியை மோட்டாரால் அழுத்தி வைத்து, அதைச் சட்டென விடுவிக்கின்றன. இவற்றில் எதை வாங்குவது என்பதுதான் தச்சரின் உண்மையான கேள்வி. எரிவளி வகை கைக்கு இலகுவானது, ஆனால் குப்பியைத் தொடர்ந்து வாங்க வேண்டும், உட்புறத்தை அடிக்கடி துடைக்க வேண்டும், கடுங்குளிரில் அது தடுமாறும். மின்கல வகைக்கு அந்தச் செலவும் புகையும் இல்லை, ஆனால் நாள் முழுதும் தலைக்குமேல் தூக்கி அடிப்பவருக்கு அதன் எடை தெரியும். ‘கம்பியில்லா’ என்ற அடைமொழி இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே காற்றழுத்த, எரிவளி, மின்கல என்று இயக்கும் ஆற்றலையே அடைமொழியாக வைப்போம்.

‘துப்பாக்கி’ என்பதில் என் மறுப்பு இன்னும் வலுவானது. வெடிமருந்துத் தோட்டாவின் விசையால் கான்கிரீட்டில் ஆணி இறக்கும் கருவி வேறொன்று இருக்கிறது. சிங்கப்பூரில் அதற்கெனத் தனி உரிம விதிகள் உண்டு. இரண்டையும் துப்பாக்கி என்று எழுதினால், தமிழ் அறிவிப்பைப் படித்து வேலை செய்பவருக்கு எதற்கு உரிமம், எதற்கு இல்லை என்பதே குழம்பும். மேலும், துப்பாக்கி என்றதும் விசையில் (டிரிகரில்) விரலை வைத்தபடி ஏந்தி நடப்பது இயல்பாகத் தோன்றுகிறது. விபத்துகள் நேரும் வழிகளில் அதுவும் ஒன்று. இக்கருவியின் முனையை மரத்தில் அழுத்தி, விசையையும் இழுத்தால்தான் ஆணி பாயும். முழு வரிசைமுறை விசையில் ஒவ்வோர் ஆணிக்கும் முதலில் முனை, பிறகு விசை என்ற ஒழுங்கு கட்டாயம். தொடுவிசை முறையில் விசையை இழுத்தபடியே இருக்கலாம், முனை எதன்மேல் பட்டாலும் ஆணி பாய்ந்துவிடும். அருகில் நிற்பவரின் தொடையும் அதற்கு மரந்தான். அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் (OSHA) நையோஷும் (NIOSH) 2011இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, முழு வரிசைமுறை விசையே பாதுகாப்பானது என்று சொல்கிறது. வேகம் குறையும் என்று சிலர் மறுப்பர். கற்றுக்கொள்ளும் ஒருவர் கையில் வேறெதையும் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எனவே என் பரிந்துரை ‘ஆணியடிப்பான்’. தெளிப்பான், அழிப்பான் என்ற வரிசையில் அது தானாகவே அமைகிறது. ‘ஆணியறைவி’ அழகான சொல்தான், ஆனால் வேகமாகப் படிப்பவருக்கு ஆணி வைக்கும் அறை என்று தோன்றக்கூடும். நம் கருவிக்கு முழுப் பெயர் ‘மின்கலச் சட்டக ஆணியடிப்பான்’. ‘சட்டக’ என்பதை விட்டுவிட வேண்டாம்: 50 முதல் 90 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள தடித்த ஆணிகளை இறக்கும் இதையும், அலங்காரப் பட்டைகளுக்கு மெல்லிய ஆணி அடிக்கும் சிறு கருவியையும் பிரித்துக் காட்டுவது அதுதான்.

ஒட்டி அடுக்கிய ஆணி வரிசைக்கு ‘ஆணிச்சரம்’ போதும். சரம் சாய்ந்திருக்கும் கோணத்தையும் குறிப்பிட வேண்டும். பிளாஸ்டிக்கால் இணைத்த 21 பாகைச் சரம், தாளால் இணைத்த 30 முதல் 34 பாகைச் சரத்துக்கான கருவியில் சேராது, கடையில் இதைக் கேளாமல் வாங்குவது வீண்செலவு.

நம் சிங்கப்பூரில் வீடுகள் கான்கிரீட்டால் ஆனவை, இச்சொல் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 2023இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் திறக்கப்பட்ட காயா (Gaia) மரக்கட்டடம்கூட, மரத்தை அடுக்கி ஒட்டிச் செய்த தடித்த பொறியியல் மரப்பலகைகளால் ஆனது, மெல்லிய சட்டக வீடு அன்று என்பது உண்மையே. ஆயினும் கான்கிரீட் வார்க்கப் பலகை அடைக்கும் தச்சு வேலையிலும் ஆணியடிப்பான் உண்டு. அங்கே வேலை செய்வோரில் பலர் பாதுகாப்புப் பயிற்சியைத் தமிழிலேயே பெறுகிறார்கள். அவர்கள் இன்று ‘நெயில் கன்’ என்றுதான் சொல்கிறார்கள். பேச்சில் அது நீடிக்கட்டும். பயிற்சித் தாளிலும் எச்சரிக்கைப் பலகையிலும் ஆணியடிப்பான் என்று எழுதுவோம்.

‘முழு வரிசைமுறை விசை’ என்பது மட்டும் எனக்கு நீளமாகப் படுகிறது. தளத்தில் வேலை செய்யும் உறுப்பினர்கள் இதைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.