ஃபிட்டிங்கில் அதிகபட்சம் 35 வாட்ஸ். ‘50 வாட்ஸுக்குச் சமம்’ எல்.இ.டி. போடலாமா?

கேட்டவர்:
ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த ஸ்பாட்லைட் ஆறு இருக்கின்றன. ஒரு பல்பு போய்விட்டதே என்று கழற்றினால், உள்ளே ‘அதிகபட்சம் 35 வாட்ஸ்’ என்று ஸ்டிக்கர். ஆறிலும் இத்தனை நாள் எரிந்தது 50 வாட்ஸ் ஹாலஜன்! வாங்கி வந்த எல்.இ.டி. 7 வாட்ஸ். ஆனால் பெட்டியில் பெரிதாக ‘50 வாட்ஸுக்குச் சமம்’ என்று போட்டிருக்கிறார்கள். எதைக் கணக்கில் எடுப்பது?

பதில் 1:
7ஐத்தான். 35 என்ற வரம்பு சூட்டுக்காக வைத்தது. ‘சமம்’ என்பது வெளிச்சத்தைச் சொல்வது, அதுவும் கொஞ்சம் தாராளமாக. லூமென் (வெளிச்சத்தின் அளவு) எண்ணைப் பாருங்கள். 350க்கு மேல் இருந்தால் பழைய வெளிச்சம் கிடைக்கும்.

எனக்குக் கவலை பழைய பல்புகள்தான். ஹாலஜன் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போகும். பலவற்றின் பிரதிபலிப்பான் அந்த வெப்பத்தைப் பின்பக்கமே தள்ளிவிடும். ஹோல்டர் எப்படி இருக்கிறது?

கேட்டவர்:
ஓரமெல்லாம் பழுப்பு. ஒயர் உறை தொட்டாலே உதிர்கிறது. அவ்வப்போது வந்த வாடையைப் பெயின்ட் வாடை என்று நினைத்திருந்தேன்.

பதில் 2:
அப்படியானால் புதுப் பல்பை இப்போது மாட்டவே மாட்டாதீர்கள். உறை உதிர்ந்த ஒயர் ஷார்ட் ஆகலாம். தளர்ந்த ஹோல்டர் 7 வாட்ஸ் பல்புக்கும் பொறி விடும். மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனை வைத்து ஹோல்டரையும் ஒயரையும் மாற்றுங்கள். மற்ற ஐந்தும் இதே நிலையில்தான் இருக்கும். சீலிங்குக்கு மேலே பஞ்சு, அட்டை எதுவும் ஃபிட்டிங்கை ஒட்டிக் கிடக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 1:
அதோடு, எல்.இ.டி.யும் சூடாகும். காற்றுப் போகாத ஃபிட்டிங்கில் சீக்கிரம் செத்துவிடும். மூடிய ஃபிட்டிங்குக்கு ஏற்றது என்று பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்விட்ச்) இருந்தால் அதற்கான பல்பு வேண்டும்.

கேட்டவர்:
டிம்மர் இல்லை. ஆனால் சுவரில் 12 வோல்ட், இரண்டு ஊசிப் பல்பு ஒன்று உண்டு. அதில் 5 வாட்ஸ் எல்.இ.டி. போட்டால் கண் சிமிட்டுகிறது.

பதில் 3:
பல்பைத் திட்டாதீர்கள், அது வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மரின் வேலை. ஹாலஜனுக்கான எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் பலவற்றுக்குக் குறைந்தபட்ச சுமை உண்டு, அதாவது இத்தனை வாட்ஸாவது இழுத்தால்தான் ஒழுங்காக ஓடும். 5 வாட்ஸ் அதற்குப் போதாது. அதை எடுத்துவிட்டு எல்.இ.டி.க்கென்றே மின்சாரம் தரும் 12 வோல்ட் டிரைவராக மாற்றினால் சரியாகிவிடும்.

கேட்டவர்:
பார்த்தேன், 20–60 வாட்ஸ் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. டிரைவரோடு ஆறு ஹோல்டரும் மாற்றச் சொல்லிவிட்டேன். அதுவரை மேஜை விளக்குதான்.