அறிபுனைப் போர்க்கதைகளில் வீட்டுச் சாவு: உங்களை இன்னும் விடாத காட்சி எது?

தூரத்துவெளிச்சம்

ஜோ ஹால்ட்மேனின் ‘ஃபாரெவர் வார்’ நாவலை இங்கே முக்கால்வாசிப் பேர் படித்திருப்பீர்கள் என்ற தைரியத்தில் நேரே விஷயத்துக்கு வருகிறேன். விண்வெளிப் போருக்குப் போன மண்டெல்லா முதல் சண்டையை முடித்துவிட்டு பூமிக்குத் திரும்புகிறான். ஒளிவேகத்தை ஒட்டிப் பறந்ததால் அவனுக்கு ஓடியது கொஞ்ச காலம். பூமியில் கால் நூற்றாண்டு போய்விட்டது. அப்பா இல்லை. அம்மா கிழவியாகிவிட்டாள்.

இந்த வயது வித்தியாசத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னை உறுத்துவது அது இல்லை. அம்மா உடம்பு முடியாமல் படுத்துவிடுகிறாள். டாக்டர் ஏன் வரவில்லை என்று இவன் விசாரிக்கிறான். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கம் வைத்தியத்தில் ஒரு முன்னுரிமை எண் போடுகிறது. அம்மாவுக்குப் போட்டது பூஜ்யம். பூஜ்யம் என்றால் வைத்தியமே கிடையாது. அவ்வளவுதான். இத்தனை வருடச் சம்பளம் வட்டியோடு அவன் கையில் குவிந்து கிடக்கிறது. வேற்றுக்கிரகத்துப் படையைப் பொசுக்கப் பழகிய ஆள். அவனால் ஒரு டாக்டரை வாசலுக்கு வரவழைக்க முடியவில்லை.

என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது வெளியே நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். அந்த நேரத்தில் போய் அந்தப் புத்தகத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்காதீர்கள். அந்தப் பூஜ்யம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்களுக்கு இப்படி ஏதாவது?

மூன்றாம்பக்கம்

எந்தப் பதிப்பு படிச்சீங்க? நான் படிச்ச பழைய பதிப்புல பூமிக்கு வர்ற பகுதி இவ்வளவு இருட்டா இல்லையே.

தூரத்துவெளிச்சம்

இருக்காது. ஹால்ட்மேன் முதலில் எழுதியதை, அது வெளிவந்த இதழின் ஆசிரியர் ‘ரொம்பச் சோகம்’ என்று ஒதுக்கிவிட்டார். அதற்குப் பதிலாக ஹால்ட்மேன் வேறு ஒரு பகுதி எழுதிக் கொடுத்தார். 1974இல் புத்தகம் வந்தபோதும் அதுதான் இருந்தது. மூலப் பகுதி பல வருடம் கழித்துத்தான் நாவலுக்குள் திரும்ப வந்தது. வியட்நாம் போய்க் காயப்பட்டுத் திரும்பிய மனிதர் எழுதியதை, சோகம் அதிகம் என்று தள்ளியிருக்கிறார்கள். நல்லா இருக்கு கதை.

கரிக்கட்டை

பிராட்பரியின் தானியங்கி வீடு. 1950இல் வந்த சிறுகதை. ‘தேர் வில் கம் சாஃப்ட் ரெய்ன்ஸ்’. அணுகுண்டில் ஊரே அழிந்த பிறகும் ஒரு வீடு மட்டும் தானாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

அதில் அந்த மேற்குச் சுவர். வீடு முழுக்கக் கரிந்த சுவரில் ஐந்து இடத்தில் மட்டும் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. புல் வெட்டும் ஆள். பூப்பறிக்கக் குனிந்த பெண். கையை மேலே வீசிய பையன். எதிரே கையை ஏந்திய சிறுமி. நடுவில், உயரத்தில், பந்து.

எல்லோரும் அந்தப் பந்தைச் சொல்வார்கள். எனக்கு நாய். எங்கேயோ அலைந்து, எலும்பும் புண்ணுமாக வீட்டுக்கு வருகிறது. கதவு அதன் குரலை அடையாளம் கண்டு திறக்கிறது. மாடிக்கு ஓடி ஒவ்வொரு கதவாகக் குரைத்துப் பார்க்கிறது. அந்தக் குடும்பத்துக்காக அழுகிற ஒரே ஜீவன் அதுதான்; அதுவும் செத்ததும் துப்புரவு எந்திரங்கள் இழுத்துக்கொண்டு போய் எரிக்கிற அடுப்பில் போட்டுவிடுகின்றன. வீடு அடுத்த வேளைக்கான வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.

அந்தக் கதையில் மனிதன் ஒருத்தன்கூட இல்லை. ஆனாலும் இதைவிடப் பெரிய இழவு வீடு நான் படித்ததில்லை.

கடல்காகம்

நான் சொல்லப்போறது கதையைவிட எங்க அண்ணனைப் பத்தித்தான், பொறுத்துக்கோங்க.

ஜப்பான் இயக்குநர் மகோட்டோ ஷின்காயோட ஒரு அனிமேஷன் குறும்படம் இருக்கு, ‘வாய்ஸஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்’, 2002ல வந்தது, அரைமணி நேரம்கூட வராது. பள்ளிக்கூடத்துப் பொண்ணை வேற்றுக்கிரகப் போருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அவ கூடப் படிச்ச பையனுக்கு செல்போன்ல மெசேஜ் அனுப்பிட்டே இருப்பா. கப்பல் தூரம் போகப் போக மெசேஜ் வர்ற நேரமும் நீளும். கடைசியில சிரியஸ் நட்சத்திரத்துல இருந்து அனுப்பினது வந்து சேர எட்டு வருஷத்துக்கு மேல ஆகும். கணக்கு சரிதான், சிரியஸ் 8.6 ஒளியாண்டு தூரம். பையன் வளர்ந்து ஆளாகியிருப்பான், மெசேஜ் அனுப்பினவ இன்னும் பதினஞ்சு வயசுலயே நிப்பா.

எங்க அண்ணன் சரக்குக் கப்பல்ல வேலை. நடுக்கடல்ல சிக்னல் இருக்காது. தோணும்போது டைப் பண்ணி வெச்சுருவான், துறைமுகம் வந்ததும் எல்லாம் மொத்தமா வந்து விழும். பாட்டி போயிட்டாங்க. கம்பெனி மூலமா அவனுக்குத் தகவல் சொல்லியாச்சு. எல்லாம் முடிஞ்சு சொந்தக்காரங்க கலைஞ்சு போயிட்டாங்க. ஒரு நாள் விடியக்காலையில என் போன் அதிர்ந்துட்டே இருக்கு. அண்ணனோட பழைய மெசேஜ் எல்லாம் வரிசையா வருது. அதுல ஒண்ணு, “பாட்டிகிட்ட போனைக் குடு, குரலைக் கேக்கணும்.”

செய்தி தெரியறதுக்கு முன்னாடி எழுதினது. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்க ரெண்டு பேரும் இதுவரை அதைப் பத்திப் பேசினதில்லை.

அதுக்கப்புறம்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். மத்தவங்களுக்கு அது காதல் கதை.

முறுக்குமீசை

எல்லாரும் நல்ல நல்ல உதாரணமா எடுத்து வைக்கிறீங்க. மீதியையும் பேசுவோமே?

போர் அறிபுனையில் பத்துக்கு எட்டு கதை வீட்டாரைக் கொல்வது நாயகனைப் போருக்கு அனுப்பத்தான். அம்மா சாவாள், இவன் துப்பாக்கி எடுப்பான், அடுத்த அத்தியாயத்தில் அம்மாவின் பெயர்கூட வராது. ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள், 1959. படையில் இருக்கும் நாயகன் ரிக்கோவின் அம்மா ப்யூனஸ் ஏர்ஸ் தாக்குதலில் இறந்துபோகிறாள். அவனுக்கு அது தெரியவருவதே சித்தி எழுதிய கடிதம் தாமதமாகக் கையில் கிடைத்த பிறகு. அந்தத் துக்கத்துக்கு நாவல் ஒதுக்கிய இடம் ரொம்பக் குறைவு. ஆயுதக் கவசம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பக்கம் பக்கமாக வருகிறது. பின்னால் அப்பாவும் அதே படையில் சேர்ந்து வந்து நிற்கிறார். மகனும் அப்பாவும் சந்திக்கிற இடத்தில் நான் அழுவேன் என்று எதிர்பார்த்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மனைவியைப் பறிகொடுத்த மனிதருக்குச் சீருடைதான் மருந்தா?

துக்கத்தை எழுத ஒளியாண்டும் விண்கலமும் வேண்டாம். புறநானூற்றில் பாரி மகளிர் பாட்டு இருக்கிறதே. அந்த மாத நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் குன்றைப் பிறர் கொண்டார், அப்பாவும் இல்லை. ஐந்தே அடி. சண்டை எப்படி நடந்தது, யார் எந்தப் பக்கம் நின்றான், ஒரு வார்த்தை கிடையாது.

கடல்காகம்

மீசை அண்ணா, அந்தப் பாட்டையே உங்களுக்கு எதிரா வைக்கிறேன். அதுல ரெண்டு நிலவுக்கு நடுவுல ஒரு மாசம்தான். அந்தப் பொண்ணுங்களுக்கு ‘அன்னைக்கு’ எது, ‘இன்னைக்கு’ எதுன்னு தெளிவா தெரியும். ஒளிவேகத்துல நூத்துக்கு 99 பங்கு வேகத்துல போறவனுக்கு ஒரு வருஷம்னா ஊர்ல இருக்கறவங்களுக்கு ஏழு வருஷம். அவன் எந்த நிலவைப் பார்த்து அழுவான்? அப்பா செத்த அன்னைக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு அவனால யோசிக்கக்கூட முடியாது, அந்த ‘அன்னைக்கு’ அவனோட நாள்காட்டியில இல்லவே இல்லை. இதைச் சொல்ல விண்கலம் வேணும்.

முறுக்குமீசை

கணக்கு சரி. ஆனால் அதை அப்படி யோசித்து எழுதுகிறவன் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணலாம்.

தச்சுப்பட்டறை

எனக்கு ‘கண்டம்’ (Gundam) என்ற ஜப்பான் அனிமேஷன் தொடர், 1979. கண்டம் என்பது ஒரு ராட்சதப் போர் எந்திரம், அதை ஓட்டுகிற பையன் அமுரோ. அவன் நடுவில் ஓர் இடத்தில் அம்மாவைப் பார்க்கப் போவான். அவள் கண்ணெதிரே ஒரு சிப்பாயைச் சுடுவான். நான் வளர்த்த பிள்ளையா இது என்று அவள் பதறுவாள். அதைவிட, பிற்பாடு அப்பாவைப் பார்க்கிற இடம். கண்டத்தை உருவாக்கிய பொறியாளரே அவர்தான். விண்வெளியில் ஆக்ஸிஜன் பற்றாமல் மூளை பாதித்துவிட்டது. ஆள் உயிரோடு இருக்கிறார், அப்பா இல்லை. பழைய சாமான் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு, இதைப் பொருத்து, உன் எந்திரத்தின் பலம் கூடும் என்று ஒரு பாகத்தை மகன் கையில் திணிப்பார். என்றோ காலாவதியான குப்பை. அமுரோ வெளியே வந்து அதைத் தரையில் ஓங்கி அடிப்பான். எங்கள் வீட்டிலும் மறதி நோயில் ஒருவர் இருந்தார். அவ்வளவு சொன்னால் போதும்.

சொல்ல வந்தது வேறு. துக்கத்தில் இருப்பவர்கள் இந்த மாதிரி கதைகளைக் கண்டபடி படிக்கக் கூடாது, அதற்கு ஒரு முறை இருக்கிறது. இழப்பு நடந்த புதிதில் நாவல் வேண்டவே வேண்டாம், சிறுகதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதியில் விட்டால் அந்தக் கனம் தலையிலேயே நிற்கும். இரவில் படிக்காதீர்கள். முடிவு தெரிந்துவிடுமே என்று பயப்படாமல் கதைச்சுருக்கத்தை முதலில் பார்த்துவிடுங்கள். உங்கள் வீட்டில் யார் போனார்களோ அதே உறவு சாகிற கதையை ஒதுக்குங்கள். அப்பா போயிருந்தால் அண்ணன் தம்பி கதை, அம்மா போயிருந்தால் நண்பன் கதை. ஸ்கால்ஸியின் ‘ஓல்ட் மேன்ஸ் வார்’ 2005இல் வந்தது. எழுபத்தைந்தாவது பிறந்தநாளில் மனைவியின் கல்லறைக்குப் போய்விட்டுப் பட்டாளத்தில் சேர்கிற கிழவனில் ஆரம்பிக்கும். சிரிக்கவும் வைக்கும், பிறகு நாவலுக்கு வரும்போது தொடங்க நல்லது. ஆனால் துணையை இழந்தவர்கள் அதைத் தொடாதீர்கள், பின்னால் மனைவியின் மரபணுவில் செய்த ஒரு பெண் வருகிறாள். கதை எழுதுகிறவர்களுக்கும் ஒன்று: சாவை எழுதாதீர்கள், சாவுக்குப் பிறகு கையில் மிஞ்சுகிற பொருளை எழுதுங்கள். அழுகிற பாத்திரம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இறுதிச் சடங்கு வேண்டவே வேண்டாம். போரின் காரணத்தை அந்த அத்தியாயத்தில் விளக்காதீர்கள். படித்து முடித்ததும் யாரிடமாவது பேசிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

தூரத்துவெளிச்சம்

தச்சுப்பட்டறை, அக்கறைக்கு நன்றி. ஆனால் அப்பா உள்ளே இருக்கும்போது அப்பா அம்மா சாகிற கதையைத்தான் என்னால் படிக்க முடிந்தது. அண்ணன் தம்பி கதையைக் கொடுத்திருந்தால் வீசியிருப்பேன். அந்தக் காலாவதியான பாகத்தைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம் நீங்கள்.

சாம்பல்பூனை

பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவை ஏன் ஒருத்தரும் இன்னும் இழுக்கல? பழசைத் திரும்ப எடுத்த புதுத் தொடரைச் சொல்றேன். எந்திரங்க மனுஷ இனத்தையே அழிச்சதுல தப்பினவங்க கப்பல்கள்ல ஓடிட்டிருப்பாங்க. மிஞ்சின மனுஷங்க எத்தனை பேருன்னு ஜனாதிபதி ஒரு வெள்ளைப் பலகையில எழுதி வெச்சிருப்பாங்க. ‘33’ எபிசோட்ல 33 நிமிஷத்துக்கு ஒரு தடவை எதிரி வந்துட்டே இருக்கான், ஒருத்தனுக்கும் தூக்கமில்ல, எண்ணிக்கை குறைஞ்சுட்டே போகுது. முடிவுல ஒரு கப்பல்ல குழந்தை பிறந்ததுன்னு தகவல் வரும். அந்தம்மா எழுந்து போய் ஒண்ணைக் கூட்டி எழுதுவாங்க.

எல்லாரும் அதை நம்பிக்கைக் காட்சின்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. எங்க வீட்ல தாத்தா தவறின கொஞ்ச நாள்லயே அக்காவுக்குக் குழந்தை பிறந்துச்சு. வந்தவங்க எல்லாரும், “போனவரே திரும்பி வந்துட்டார், இனி அழக் கூடாது”ன்னாங்க. அம்மா அடுப்படியில போய் அழுதாங்க. கூட்டல் வேற, கழித்தல் வேற. அந்த ஜனாதிபதி ஒண்ணைக் கூட்டறதுக்கு முன்னாடி கை ஒரு நொடி நிக்கற மாதிரி எனக்குத் தெரியும், நடிச்சவங்க வேணும்னே செஞ்சாங்களான்னு யாராவது சொல்லுங்க.

அதே தொடர்ல கப்பல் தாழ்வாரச் சுவர் முழுக்க காணாமப் போனவங்க போட்டோ. 2001 செப்டம்பருக்கு அப்புறம் நியூயார்க் சுவர்கள்ல ஒட்டியிருந்தது ஞாபகம் வராம இருக்காது.

ஈரமண்

1954 காட்ஸில்லா. சும்மா பொம்மைப் படம் என்று நினைத்துத்தான் அம்மாவோடு உட்கார்ந்தேன்.

டோக்கியோ எரிகிறது. ஓட இடமில்லாமல் ஒரு பெண் தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஒரு கட்டடத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்பாகிட்ட போயிடலாம் என்று அவர்களிடம் சொல்கிறாள். அந்த அப்பா எப்போது, எங்கே இறந்தான் என்று படம் சொல்லவில்லை. 1954இல் அதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையும் இருந்திருக்காது.

அதுவரை “என்ன இது, ரப்பர் பல்லி” என்று சிரித்துக்கொண்டிருந்த அம்மா, “அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆச்சு?” என்றார். எங்கள் அப்பா போன பிறகு என்னையும் தங்கையையும் வைத்துக்கொண்டு அவர் எப்படி இருந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. படம் முடிகிற வரை மூன்று தடவை அதையே கேட்டார். ராட்சதனை எப்படிக் கொன்றார்கள் என்பதைக் கவனிக்கவே இல்லை.

முறுக்குமீசை

நல்ல காட்சி, மறுக்கவில்லை. ஆனால் காட்ஸில்லா போர்க்கதையில் சேராதே? அது மிருகக் கதை.

ஈரமண்

டோக்கியோ அந்தப் படத்துக்கு ஒன்பது வருடம் முன்னால்தான், 1945 மார்ச்சில், ஒரே இரவில் குண்டுவீச்சில் எரிந்தது. படம் வந்த அதே வருடம் பிகினித் தீவு ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு மாட்டியது. படம் ஆரம்பிப்பதே கடலில் ஒரு படகு எரிவதில். இயக்குநர் ஹோண்டா போரில் சிப்பாயாக இருந்தவர், திரும்பி வரும் வழியில் ஹிரோஷிமாவைப் பார்த்தவர். நீங்கள் சொன்ன துப்பாக்கியும் சீருடையும் அதில் நிறைய இருக்கிறது, ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. மிருகக் கதை என்று தனித் திரி வேண்டுமானால் ஆரம்பியுங்கள், அங்கேயும் இதைத்தான் எழுதுவேன்.