ஊர் மைதானத்தை டர்ஃபுக்கு விடப் போகிறார்களாம், பட்டாளத்துக்காரர்கள் என்ன செய்யலாம்?

தக்கலைப் பையன்:
கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு கிராம ஊராட்சி, பெயர் வேண்டாம். ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பொது இடம் கிடக்கிறது. எங்கள் ஊரில் அப்பா உட்பட ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. விடியற்காலையில் அவர்களுக்கு அங்கேதான் நடை, அப்புறம் வாலிபால், அக்னிவீர் தேர்வுக்குப் போகும் பையன்களை 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு விசில் ஊதி விரட்டுவதும் அவர்கள்தான், யாரிடமும் காசு வாங்குவதில்லை. இப்போது அதைச் சுற்றி வேலி போட்டு டர்ஃப், அதாவது செயற்கைப் புல் மைதானமாகக் குத்தகைக்கு விடப் போவதாகப் பேச்சு. மணிக்கு இவ்வளவு என்று கட்டினால்தான் உள்ளே போக முடியும். முழங்கால் போன ஒரு மாமாவை ரோட்டில் நடக்கச் சொல்லவும் முடியாது, டிப்பர் லாரிகள் போகிற போக்கு தெரியும்தானே. அந்த இடத்தை முன்னாள் ராணுவத்தினருக்கு என்று ஒதுக்கி வாங்க வழி உண்டா? யாரைப் பார்க்க வேண்டும்?

வில்லுக்குறி அண்ணாச்சி:
தம்பி, ஒதுக்கி வாங்குவதை விடு. பொது இடம் எல்லோருக்கும்தான், பட்டாளத்துக்காரருக்கு மட்டும் என்று மனு கொடுத்தால் அந்தக் காரணத்துக்காகவே தள்ளிவிடுவார்கள். டர்ஃப்காரரும் அதைத்தான் எதிர்பார்த்து இருப்பார்.

முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடி. அரசின் இ-சேவை தளத்தில் அ-பதிவேடு (வருவாய்த் துறையின் கிராம நிலப் பதிவேடு) எடுத்து, இடம் எந்த வகை என்று பார். மேய்ச்சல், களம், தோப்பு, சுடுகாடு மாதிரி புறம்போக்கு என்றால் ஊராட்சிச் சட்டப்படி அது கிராம ஊராட்சியின் வசம். மற்றபடி அரசுப் புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை, அதை ஊராட்சி தன் இஷ்டத்துக்குக் குத்தகைக்கு விட முடியாது. நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, மண் போட்டு நிரப்பிய குளங்கள். பதிவேட்டில் குளம் என்று இருந்தால் டர்ஃபும் நிற்காது, உங்கள் வாலிபால் கோர்ட்டும் நிற்காது. குளம் குளமாகவே இருக்க வேண்டும் என்று 2001-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி இருந்தால் சத்தம் போடுவதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு தகவல் உரிமை மனு. 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். குத்தகைக்குத் தீர்மானம் போட்டார்களா, எந்தத் தேதி, நகல் கொடுங்கள் என்று மட்டும் கேள். பேச்சை நம்பி ஓட வேண்டாம்.

ஓய்வு சுபேதார்:
அண்ணாச்சி சொல்வது சரிதான், ஆனால் எங்களுக்கு ஒன்றுமே இல்லையா? மேடையில் திருவிதாங்கூர் படை டச்சுக்காரரைத் தோற்கடித்த 1741 குளச்சல் போரில் ஆரம்பித்து மணிக்கணக்கில் பேசுவார்கள், பட்டாளத்துக்காரன் நடக்க இடம் கேட்டால் மட்டும் ஃபைல் நகராது. சரி, வழியைச் சொல்கிறேன். மாவட்ட ஆட்சியர்தான் மாவட்ட முன்னாள் படைவீரர் வாரியத்துக்குத் தலைவர். ஊராட்சிகளின் ஆய்வாளரும் அவரேதான், ஊராட்சி போட்ட தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. ஆகவே ஒரே மனுவைத் திங்கள்கிழமை குறைதீர் நாளிலும் கொடுங்கள், நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள். நல அலுவலகத்துக்கு நிலத்தின் மேல் அதிகாரம் கிடையாது, ஆனால் அங்கிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் போனால் ஆட்சியர் அலுவலகத்தில் கொஞ்சம் அசையும்.

கருங்கல் டீச்சர்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரிலும் இப்படி ஒரு மைதானம் உண்டு. அங்கே ஓய்வு பெற்ற அண்ணன்மார் காலையும் மாலையும் பிடித்துக்கொண்டு, பெண்பிள்ளைகள் பந்து எடுத்துக்கொண்டு வந்தால் "அப்புறம் வாங்க மக்களே" என்றே அனுப்பிவிடுவார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. டர்ஃப் வந்தால் காசு கொடுத்தாவது விளையாடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. உங்கள் ஊரில் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உங்கள் பக்கம் நிற்க வேண்டும் என்றால் நேரத்தை முதலிலேயே எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தக்கலைப் பையன்:
டீச்சர், எங்கள் ஊரிலும் கொஞ்சம் அப்படித்தான், அப்பாவிடம் பேசுகிறேன். அண்ணாச்சி, அ-பதிவேடு எடுத்துவிட்டேன், தோப்புப் புறம்போக்கு என்று இருக்கிறது. ஆனால் 2025 ஜனவரியிலேயே உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தாரே, அப்போதும் கிராம சபை நடந்ததாக நினைவு. அதில் கேட்டால் செல்லுமா?

வில்லுக்குறி அண்ணாச்சி:
தோப்பு என்றால் நல்லது, ஊராட்சி வசம்தான். தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதில் அடுத்து எது வருகிறதோ அதைப் பிடி. தீர்மானத்தில் மூன்று விஷயம் வர வேண்டும்: சர்வே எண்ணைக் குறிப்பிட்டு இது பொது விளையாட்டு மைதானம், குத்தகைக்கோ கட்டணத்துக்கோ விடக்கூடாது, டீச்சர் சொன்ன மாதிரி யாருக்கு எந்த நேரம். காலை நேரத்தில் "முதியோர் மற்றும் முன்னாள் படைவீரர்" என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, முக்கியம். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சி என்றால் 200 பேர் வேண்டும். வழக்கமாக வருவது நூறு நாள் வேலைக்காரப் பெண்கள்தான், அவர்களிடம் முன்கூட்டியே போய்ப் பேசு, அவர்கள் பிள்ளைகளும் அங்கேதானே ஓடுகிறார்கள். எல்லோரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, தீர்மானம் புத்தகத்தில் எழுதி முடிக்கிற வரை இரண்டு பட்டாளத்து மாமாக்கள் பக்கத்திலேயே உட்காரட்டும். அடுத்த வாரம் எழுதிக்கொள்கிறோம் என்றால் எழுந்திருக்க வேண்டாம்.

ஓய்வு சுபேதார்:
உட்காருவதற்கு நான் வருகிறேன். தேதியை மட்டும் இங்கே போடு தம்பி.