குடவோலைக் கல்வெட்டு: மூலப் பாடம் எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. உத்திரமேரூர் குடவோலை முறை (பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஊர்ச் சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறை) பற்றிய ஓர் இணையக் கட்டுரையைச் செம்மைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். உங்கள் உதவி வேண்டும்.

அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919இல் வெட்டியது வேட்பாளர் வயதை 30 முதல் 60 என்கிறது. 921இல் வெட்டியது அதை 35 முதல் 70 என மாற்றுகிறது. கட்டுரையோ இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ஒரே ஆண்டின் விதிபோல் எழுதியிருக்கிறது. இரண்டே ஆண்டுகளில் சபை தன் விதியைத் தானே திருத்திக்கொண்டது என்பதுதானே இதில் முக்கியமான செய்தி! அது தொலைந்துபோகக் கூடாது.

கல்வெட்டறிஞர் வெங்கையா இந்தக் கல்வெட்டுகளைப் பற்றி இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். எனக்குத் தேவை தமிழ் எழுத்தில் அச்சான முழுப் பாடம். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் எந்தத் தலைப்பில் தேடலாம்? ரோஜா முத்தையா நூலகத்தில் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

அரசர் பெயர், ஆட்சியாண்டு, ஒற்று ஆகியவற்றை ஒரே சீராக எழுத நீங்கள் பின்பற்றும் நடைக் கையேடு இருந்தாலும் சொல்லுங்கள். பக்க எண்ணோடு தந்தால் பெரிய உதவி.