முன் கண்ணாடிப் புள்ளி: மில் சாம்பலா, ரோட்டு மணலா?

குடந்தை குமார்
எங்க தெருவுக்குப் பின்பக்கம் ஒரு ரைஸ்மில். உமி எரிக்கிற பாய்லர். விடிஞ்சு பார்த்தா கார் மேல கறுப்பா சாம்பல் படிஞ்சிருக்கும். இப்போ முன் கண்ணாடி முழுக்க ஊசி முனையால குத்தினாப்ல பொடிப்பொடியாப் புள்ளி. நிழல்ல நின்னா ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் தஞ்சாவூர் பக்கமா ஓட்டுறப்ப, அய்யம்பேட்டைகிட்ட மர நிழலை விட்டு வெயிலுக்கு வந்தா போதும், கண்ணாடி மொத்தமும் வெள்ளையாப் பூத்துடுது. எதிர்ல டூவீலர் வர்றதே தெரியல. தெருவுல இன்னும் ரெண்டு மூணு வண்டியிலயும் இதே கதை. சாம்பல்தான் கண்ணாடியை அரிக்குதுன்னு எல்லாரும் சேர்ந்து மனு கொடுக்கப் போறோம். வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

கண்ணாடிக்காரன், தஞ்சை
குமார் சார், மனு எழுதுறதுக்கு முன்னாடி பின் கண்ணாடியைப் பாருங்க. சாம்பல் மேலேர்ந்து விழுது. அதுக்கு முன் கண்ணாடி, பின் கண்ணாடின்னு பாகுபாடு கிடையாது. பின்னாடியும் அதே அளவு புள்ளி இருந்தா நான் வாயே திறக்கல. இருக்காது சார். இது ஓட்டத்துல வாங்கின அடி. முன்னாடி போற மணல் லாரி, ஜல்லி டிப்பர், ரோடு அகலப்படுத்துற இடத்துல கிடக்கிற கப்பி, இதெல்லாம் டயர்ல கிளம்பி வந்து அடிக்குது.

குடந்தை குமார்
பார்த்தேன். பின் கண்ணாடியில இல்லதான். ஆனா என் வண்டி பின்பக்கம் நெட்டுக்குத்தா நிக்கிற டைப். சாம்பல் அதுல தங்காது, வழிஞ்சுடும். முன் கண்ணாடி சாய்ஞ்சிருக்கு, ராத்திரி முழுக்க அது மேலேயே கிடக்கு. இதை வெச்சு மில்லுக்கு நல்ல பேர் கொடுத்துட முடியாது.

கண்ணாடிக்காரன், தஞ்சை
சரி, அப்போ வேற சோதனை. டிரைவர் பக்க சைடு மிரர்கிட்ட போங்க. அந்தப் பிளாஸ்டிக் கூட்டோட முன்முகத்தைத் தடவுங்க, சொரசொரன்னு இருக்கும். வெயில்ல பார்த்தா பெயின்ட் புள்ளி புள்ளியாப் பேந்திருக்கும். அதே கூட்டுக்குப் பின்னாடி இருக்கிற மிரரைப் பாருங்க, பளிச்சுன்னு இருக்கும். ரெண்டும் ஒரே இடத்துல, ஒரே நெட்டுக்குத்துல, ஒரே சாம்பல்ல நிக்குது. ஒண்ணு ரோட்டைப் பார்த்திருக்கு, இன்னொண்ணு பார்க்கல. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொண்ணு. டாஷ்போர்டு மேல கறுப்புத் துணி விரிச்சிட்டு, ராத்திரியில வெளியே நின்னு டார்ச்சைக் கண்ணாடியோட ஒட்டினாப்ல சாய்ச்சுப் பிடிங்க. குழி தனியா மின்னும். வைப்பர் போட்ட கீறல் வில்லு வில்லா வளைஞ்சு தெரியும். போர் தண்ணி காய்ஞ்ச உப்புக்கறை வட்டம் வட்டமா இருக்கும், வினிகர் தொட்டுத் துடைச்சா போயிடும். கடைக்கு வர்றவங்க இந்த மூணையும் போட்டுக் குழப்பிக்கிட்டுத்தான் வர்றாங்க.

மன்னை வாத்தியார்
கண்ணாடிக்காரர் சொல்றதுக்குக் கணக்கும் இருக்கு. மணல்ல இருக்கிறது குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவுல (எண் கூடினா கடினம் கூடும்) அது 7, கண்ணாடி சுமார் 5.5. மோதுற வேகம் ரெண்டு மடங்கானா ஆற்றல் நாலு மடங்கு ஆகும். 40ல போறப்ப பட்டுத் தெறிச்சு ஓடுற மணல், 80ல சில்லு பேர்த்துடும். உமிச் சாம்பல்லயும் பெரும்பங்கு சிலிக்காதான், இல்லைங்கல. ஆனா அது துளைதுளையா, எடையே இல்லாம இருக்கும். விரல்ல நசுக்கினா மாவாகும். மிதந்து வந்து உட்கார்ற தூளுக்குக் குழி போட வேகம் எங்கேர்ந்து வரும்?

தெருவுல எல்லார் வண்டியிலயும் இருக்குன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அங்கதான் சந்தேகம். 1954ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல இதே நடந்திருக்கு. முதல்ல பெல்லிங்காம்னு ஒரு ஊர். கார் கண்ணாடியில குழின்னு புகார். ஏர்கன் வெச்சு யாரோ விளையாடுறாங்கன்னு போலீஸ் தேடுச்சு. ஏப்ரல் நடுவுல சியாட்டிலுக்குப் பரவி, ஏறக்குறைய 3,000 கண்ணாடிக்குப் புகார். பசிபிக்ல நடந்த ஹைட்ரஜன் குண்டு சோதனைன்னு ஒரு கட்சி, கடற்படையோட புது ரேடியோ டிரான்ஸ்மிட்டர்னு ஒரு கட்சி. மேயர் ஜனாதிபதி ஐசன்ஹோவர் வரைக்கும் உதவி கேட்டுட்டார். கடைசியில பார்த்தா, எல்லாம் ஓடி ஓடி வாங்கின பழைய குழி. அதுவரைக்கும் கண்ணாடி வழியா ரோட்டைப் பார்த்தவங்க, பேப்பர்ல செய்தி வந்ததும் கண்ணாடியையே பார்க்க ஆரம்பிச்சாங்க. 1958ல மெடாலியா, லார்சன்னு ரெண்டு பேர் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாவே எழுதியிருக்காங்க.

தேன்மொழி, திருவாரூர்
ஐயா, சியாட்டில் கதை நல்லாத்தான் இருக்கு. அதைக் கொண்டுவந்து குமார் தலையில வைக்கிறதுதான் பிடிக்கல. அங்க சொன்ன குண்டும் ரேடியோ அலையும் யார் கண்ணுலயும் படாதது. இங்க சாம்பல் கொடியில காயுற வேட்டியில கிடக்கு. எங்க பக்கம் எதுக்குப் புகார் கொடுத்தாலும் முதல்ல வர்ற பதில் "உங்க பிரமைம்மா"ங்கிறதுதான். அதுக்கு நீங்களும் ஒரு அமெரிக்கச் சான்று எடுத்துக் கொடுக்காதீங்க.

குழி விஷயத்துல நான் கண்ணாடிக்காரர் கட்சிதான். எனக்கு வேலை நாகப்பட்டினத்துல. காலையில கிழக்கே போறேன், சூரியன் மூஞ்சியில. சாயங்காலம் மேற்கே திரும்புறேன், அப்பவும் மூஞ்சியில. எங்க வீட்டுப் பக்கம் மில்லே கிடையாது, என் கண்ணாடியும் குழிதான்.

மன்னை வாத்தியார்
அம்மா, அங்கயும் கண்ணுல பட்ட தூள் இருந்துச்சு. கார் மேல கறுப்பா மணி மணியாக் கிடந்ததை எடுத்துச் சோதிச்சாங்க. நிலக்கரி சரியா எரியாததுல வந்த தூள். ரொம்ப நாளா அந்த ஊர்ல விழுந்துக்கிட்டிருந்ததுதான். அதால குழி விழாது. தூள் நிஜம், குழியும் நிஜம், ரெண்டையும் முடிச்சுப் போட்டதுதான் தப்பு. குமார் தம்பியும் அதைத்தான் பண்றார்.

தேன்மொழி, திருவாரூர்
அப்போ அந்த நிலக்கரித் தூள் நுரையீரலுக்குள்ள போனதைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா, இல்ல கண்ணாடி பிரமைன்னு தெரிஞ்சதும் அதையும் சேர்த்து மூடி வெச்சுட்டாங்களா? குமார், மனுவுல கண்ணாடியை எழுதாதீங்க. மூச்சு, துணி, மொட்டை மாடியில காயப்போட்ட வத்தல், இதை எழுதுங்க. மில் தரப்புல யாராவது இந்த மிரர் சோதனையைச் செஞ்சு காட்டினா, கண்ணாடியோட சேர்ந்து மொத்த மனுவும் விழும்.

செல்வம், டூரிஸ்ட் கார், நாகை
ஆளாளுக்கு மில்லு, அமெரிக்கான்னு போயிட்டீங்க. ஓட்டுறவனுக்கு என்ன வழி? எங்க ஸ்டாண்டுல ஒருத்தர் பஃபிங் மெஷின்ல பாலிஷ் போட்டாரு, புதுசாட்டம் ஆயிடுச்சு. குமார் அண்ணே, அதைச் செய்யுங்க. இல்லன்னா கல்லு அடிச்சிடுச்சுன்னு சொல்லி இன்சூரன்ஸ்ல மாத்துங்க. ஊரே அப்படித்தான் பண்ணுது.

கண்ணாடிக்காரன், தஞ்சை
செல்வம் தம்பி, ரெண்டுமே தப்பான வழி. சீரியம் ஆக்ஸைடு பாலிஷ் மெல்லிசான கீறலுக்குத்தான். குழி ஆழமானது. அது போகணும்னா சுத்தி உள்ள கண்ணாடியை எல்லாம் அந்த ஆழத்துக்கு இழைக்கணும். இழைச்ச இடம் லென்ஸ் வேலை பார்க்கும், ரோடு அலையடிக்கும். டிரைவர் பார்வைக்கு நேரா நான் மெஷினே வைக்க மாட்டேன். ரெசின் பசை ஊத்தி நிரப்புறது தனிக் கல்லடிக்கு, இந்தப் பொடிக் குழிக்கு இல்ல. முன் கண்ணாடி லேமினேட்டட், ரெண்டு தகடுக்கு நடுவுல பிளாஸ்டிக் படலம். குழி மேல்தகட்டுல மட்டும்தான். கண்ணாடி உடைஞ்சிடும்னு பயப்பட வேண்டாம், கண்ணு கூசுறதுதான் பிரச்சினை.

இன்சூரன்ஸ் கதைக்கு வாங்க. கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு பிடிக்க மாட்டாங்க, சரி. ஆனா ஓடித் தேய்ஞ்சதுக்கு பாலிசியே கிடையாது. பொய் சொல்லி கிளெய்ம் போட்டா, சர்வேயர் டார்ச் அடிச்சுப் பார்த்தாலே தெரிஞ்சிடும். அது போக, கிளெய்ம் போடாம இருந்ததுக்குப் பிரீமியத்துல வருஷா வருஷம் சேர்த்த தள்ளுபடி, அதான் நோ கிளெய்ம் போனஸ், 50 சதவீதம் வரைக்கும் இருந்தா, அதுவும் போச்சு.

செல்வம், டூரிஸ்ட் கார், நாகை
கடைக்காரர் மாத்தச் சொல்லாம வேற என்ன சொல்வாரு! பாலிஷ்ல உங்களுக்கு என்ன நிக்கும், புதுக் கண்ணாடியில என்ன நிக்கும்னு எங்களுக்கும் தெரியும்ண்ணே.

கண்ணாடிக்காரன், தஞ்சை
அப்படியா? அப்போ காசே வாங்காம ஒண்ணு சொல்றேன். பாதி குழிக்கும் கீறலுக்கும் நீங்கதான் காரணம். மணல் லாரி பின்னாடி முட்டிக்கிட்டுப் போறது. மாசி பங்குனியில ரோட்டுல உளுந்துச் செடி பரப்பியிருப்பாங்க, அது மேல வேகமா ஏத்துறது. அறுப்பு சீசன்ல சுணையும் தூசியும் கண்ணாடியில அப்பியிருக்கிறப்ப தண்ணி ஊத்தாம வைப்பரைப் போடுறது. குமார் சார் தெருவுலயும் காலையில காய்ஞ்ச துணியாலதான் சாம்பலைத் துடைக்கிறாங்கன்னு பந்தயம் கட்டுறேன்.

குடந்தை குமார்
துணியாலதான் துடைக்கிறோம். வேற எப்படித் துடைப்பாங்க? ஆனா அப்போ அந்தக் கீறல் சாம்பலால வந்ததுதானே? சாம்பல் விழலன்னா நான் ஏன் துடைக்கப் போறேன்? மிரர் கூட்டுலயும் பார்த்தேன், முன்முகம் புள்ளிதான். போகட்டும், குழி ரோட்டுக் கணக்கு. வில்லு வில்லாக் கீறல் மில் கணக்கு. மனுவுல கண்ணாடி இருக்கும்.

தேன்மொழி, திருவாரூர்
எழுதுங்க. ஆனா கடைசி வரியில போடுங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போறப்ப சாம்பல் படிஞ்ச வெள்ளைத் துணி ஒண்ணை, தேதி எழுதி பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. கண்ணாடியை எடுத்துட்டுப் போக முடியாது.

மன்னை வாத்தியார்
கீறலைச் சேர்க்கறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. "அரிக்குது"ங்கிற சொல்லை எடுத்துடுங்க. சாம்பல் கண்ணாடியைக் கரைக்காது.

கண்ணாடிக்காரன், தஞ்சை
மனு ஓடுறபடி ஓடட்டும். குமார் சார், அதுவரைக்கும் சாயங்காலம் அந்த ரோட்டுல வேகத்தைக் குறைங்க. கண்ணாடியோட உள்பக்கத்தையும் துடைங்க, பாதிக் கூச்சம் உள்ள படிஞ்ச எண்ணெய்ப் பிசுக்காலதான். வெளியில முதல்ல தண்ணி, அப்புறம் துணி. அப்படியும் டூவீலர் தெரியலன்னா மாத்தித்தான் ஆகணும். என் கடைன்னு இல்ல, எந்தக் கடையானாலும் சரி. கண்ணாடிக்குப் பின்னாடி கேமரா இருக்கிற மாடலா இருந்தா முன்கூட்டியே கேட்டுக்குங்க, அதைத் திரும்ப சரிபார்க்கணும். காலையிலயே வண்டியை விடுங்க. பசை காயுற வரைக்கும் எடுக்கக்கூடாது, கதவையும் ஓங்கிச் சாத்தக்கூடாது.

செல்வம், டூரிஸ்ட் கார், நாகை
உள்பக்கம் துடைக்க என்னண்ணே போடுறது, ஷாம்பூவா?